மடையைத் திறந்த கை: தும்பைப்பட்டி கக்கன்

நம் கல்லூரி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை கேட்ட நண்பர்கள் கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மஹால் எல்லாம் வேண்டாம்ப்பா, வருஷா வருஷம் அதுதான் வருது. நம்ம சுத்துவட்டாரத்து மனுஷன் ஒருத்தரைப் பத்தி எழுது" என்றார்கள். நியாயமான கோரிக்கை. யோசித்தபோது எனக்கு முதலில் தோன்றிய பெயர் கக்கன்.

கக்கன் என்றதும் மதுரைக்காரர்கள் எல்லோரும் ஒரே கதையைச் சொல்வார்கள். மந்திரியாக இருந்தவர் பஸ்ஸுக்காகக் காத்து நின்றாராம், சொந்த வீடு கிடையாதாம், தர்மாஸ்பத்திரியில் பொது வார்டில் படுத்துக் கிடந்தாராம். சொல்லிவிட்டு "அந்த மாதிரி மனுஷன் இனி எங்கே பிறக்கப் போறான்" என்று ஒரு பெருமூச்சு விடுவார்கள். அத்தோடு பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

கதை பொய்யல்ல. ஆனால் 10 வருஷம் தொடர்ந்து மாநில அமைச்சராக இருந்த ஒருவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவர் ஏழையாக இருந்தார் என்பது மட்டும்தான் என்றால், எங்கேயோ உதைக்கிறது. அவர் என்ன வேலை செய்தார்? எந்தத் துறைகளைப் பார்த்தார்? அதில் நல்லது எது, கெட்டது எது? இந்தக் கணக்கை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. எஞ்சினியரிங் படித்தவனுக்குக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆகவே இந்த முயற்சி.

பூசாரியின் மகன்

மதுரையிலிருந்து திருச்சி சாலையில் மேலூரைத் தாண்டிப் போனால் தும்பைப்பட்டி. அந்த ஊரில் 1908ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் தேதி பிறந்தவர் கக்கன். தாழ்த்தப்பட்ட குடும்பம். தகப்பனார் பெயரும் கக்கன்தான். ஊர்த் தெய்வத்துக்குப் பூசை வைப்பவர் என்பதால் பூசாரி கக்கன் என்று அழைத்தார்கள்.

இதிலே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். கிராமத்துச் சாமிக்கு விளக்கேற்றி, விபூதி கொடுக்கிற மனுஷன், மதுரைக்கு வந்தால் மீனாட்சியம்மன் கோயில் கோபுரத்தை வெளியே நின்றுதான் கும்பிட வேண்டும். அம்மன் சன்னதிப் படியில் கால் வைக்கக் கூடாது. சாமி காரியம் தெரியாதவர்கள் என்பதற்காக அல்ல, பிறப்புக்காக. பூசாரியின் மகன் இதைப் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தார்.

படிப்பு பள்ளிக்கூடத்தோடு நின்றது. கல்லூரி வாசலை அவர் மாணவராக மிதிக்கவில்லை. ஆனால் வாத்தியார் வேலை அவரைத் தேடி வந்தது. காந்திஜியின் இயக்கம் 1930களில் தீண்டாமை ஒழிப்பில் தீவிரமாக இறங்கியபோது, மதுரையில் அதைத் தோளில் போட்டுக்கொண்டவர் வக்கீல் ஏ. வைத்தியநாத ஐயர். கக்கனின் மனசைப் புரிந்துகொண்டு அவரை மேலூர்ப் பகுதியில் சேரிப் பிள்ளைகளுக்கான இரவுப் பள்ளி வேலைகளில் ஈடுபடுத்தினார்.

ஏன் இரவுப் பள்ளி? பகலில் அந்தப் பிள்ளைகளுக்கு நேரம் ஏது? ஆடு மாடு மேய்க்க வேண்டும், நாற்றுக்கட்டு தூக்க வேண்டும், களை எடுக்கும் ஆத்தாளுக்குத் துணையாகக் கைப்பிள்ளையைத் தூக்கி வைத்திருக்க வேண்டும். அரைவயிற்றுக் கூலிக்கு வீடே வயலில் கிடக்கும்போது பகல் பள்ளிக்கூடம் யாருக்கு? பொழுது சாய்ந்து, கஞ்சி குடித்தபிறகு, அரிக்கேன் வெளிச்சத்தில் "அ, ஆ" எழுதினால்தான் உண்டு. தூங்கி விழும் பிள்ளையை எழுப்பிப் பாடம் சொல்லிக் கொடுக்கிற வாத்தியாருக்கு, அந்தப் பிள்ளையின் பகல் எப்படிப் போனது என்று தெரிந்திருக்க வேண்டும். கக்கனுக்கு அது தெரியும்.

1939 ஜூலை 8

அன்று காலை வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த சிலரையும் ஒரு நாடார் சமூகத்தவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். அந்தச் சிறு கூட்டத்தில் கக்கன் ஒருவர். கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர்.எஸ். நாயுடு அவர்களைத் தடுக்கவில்லை, வரவேற்றார். அவர்கள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்கள். பார்க்கப்போனால் விஷயம் அவ்வளவுதான். கோயிலுக்குப் போனார்கள், சாமி கும்பிட்டார்கள், வந்தார்கள்.

ஆனால் ஊர் இரண்டுபட்டது. பட்டர்களில் ஒரு பகுதியினர் கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்று பூசை செய்ய மறுத்தார்கள். சனாதனிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ராஜாஜி தலைமையிலிருந்த சென்னை மாகாண அரசு, உள்ளே போனவர்கள் மீதும் அவர்களை அனுமதித்தவர்கள் மீதும் வழக்கு பாயாமலிருக்க அதே ஆண்டில் ஆலயப் பிரவேசச் சட்டம் கொண்டுவந்தது. "எல்லோருக்கும் திறக்கிற வரை நான் போகமாட்டேன்" என்ற நிலையில் இருந்த காந்திஜி, 1946 பிப்ரவரியில் மதுரை வந்தபோது அந்தக் கோயிலுக்குள் சென்றார்.

இந்தச் சம்பவத்தை நாம் வைத்தியநாத ஐயர் நடத்திய ஆலயப் பிரவேசம் என்று படிக்கிறோம். அது சரிதான், அவர் துணிச்சல் சாமானியமானதல்ல, சொந்தச் சாதியையே பகைத்துக்கொண்டவர். அதேசமயம் கூடப் போனவர்களின் துணிச்சலையும் யோசிக்க வேண்டும். ஐயர் சாயந்திரம் தன் வீட்டுக்குத் திரும்புவார். மற்றவர்கள் தங்கள் கிராமத்துக்குத் திரும்ப வேண்டும். அங்கே மறுநாள் காலையில் யாரிடம் கூலி வேலை கேட்பது?

ஜெயிலும் அரசியல் நிர்ணய சபையும்

1942 ஆகஸ்ட் போராட்டத்தில் கக்கன் கைதானார். மேலூர் போலீஸ் ஸ்டேஷனில் அவரைக் கடுமையாக அடித்தார்கள் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு அலிப்பூர் சிறைக்கு அனுப்பினார்கள். அப்போது அவருக்கு வயது 34. இந்த அடியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

நான்கே வருஷத்தில் காட்சி மாறியது. 1946இல் இந்திய அரசியல் நிர்ணய சபைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து அவர் உறுப்பினரானார். தீண்டாமை ஒழிக்கப்பட்டது, அதை எந்த வடிவில் கடைப்பிடித்தாலும் குற்றம் என்று சொல்கிற 17ஆவது பிரிவு அந்தச் சபையில்தான் நிறைவேறியது. ஏழு வருஷம் முன்பு கோயிலுக்குள் போனதற்காகக் கோர்ட் வழக்கில் சிக்கியிருக்க வேண்டியவர், நாட்டின் சட்டத்தை எழுதுகிற மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்.

1952 முதல் பொதுத்தேர்தலில் மதுரை இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு பொது உறுப்பினர், ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்பு உறுப்பினர் என்று இருவரைத் தேர்ந்தெடுக்கும் முறை அப்போது இருந்தது. அதில் வென்று மக்களவைக்குப் போனார். 1954இல் காமராஜர் முதலமைச்சரானபோது தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பதவியை விட்டார். அந்த இடத்துக்குக் கக்கன் வந்தார். 1957இல் மேலூரில் வென்று சட்டமன்றத்துக்கு வந்ததும் காமராஜர் அவரை அமைச்சராக்கினார். ஆதிதிராவிடர் நலம் அவர் பொறுப்பில் வந்தது. அது எல்லோரும் எதிர்பார்த்த துறை. கூடவே வந்தது பொதுப்பணித்துறை. அதுதான் எதிர்பாராதது. இந்தக் கட்டுரையின் மையமும் அதுவே.

தண்ணீர் யார் கையில்?

நம் பக்கத்துக் கிராமங்களில் நீர்பாய்ச்சி, நீர்க்கட்டி என்று ஒரு வேலை உண்டு. இளைய தம்பி தங்கைகளுக்குத் தெரிந்திருக்காது, ஆகவே சொல்கிறேன். கண்மாயில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எந்த மடையை எத்தனை நேரம் திறக்க வேண்டும், எந்த வயலுக்கு முதலில், எந்த வயலுக்கு அப்புறம் என்று பார்த்துப் பாய்ச்சுகிறவர் நீர்பாய்ச்சி. அறுவடையில் அவருக்கு ஒரு பங்கு நெல் கொடுப்பார்கள். மழை பெய்கிற ராத்திரியில் கரையைச் சுற்றி வந்து உடைப்பு எடுக்குமா என்று பார்ப்பதும் அவர் வேலை. மண்ணின் வாட்டம், தண்ணீரின் ஓட்டம், பயிரின் தேவை மூன்றும் விரல்நுனியில் இருக்கும். நாம் நான்கு வருஷம் உட்கார்ந்து படித்த நீரியலை அவர் பள்ளிக்கூடம் போகாமலே கற்றிருப்பார்.

பெரும்பாலான ஊர்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் தாழ்த்தப்பட்ட மக்கள். மடையைத் திறக்கத் தெரியும், திறக்கிற கடமையும் உண்டு. ஆனால் அந்தத் தண்ணீர் பாயும் வயல் பெரும்பாலும் அவர்களுடையதல்ல. எப்போது திறப்பது என்று முடிவெடுக்கும் அதிகாரமும் ஊர்ப் பெரியவர்களிடம்தான்.

இந்தப் பின்னணியில் 1957ஐப் பாருங்கள். தும்பைப்பட்டிச் சேரியில் பிறந்தவர் சென்னை மாநிலத்தின் அணைகள், கால்வாய்கள், மதகுகள் அத்தனைக்கும் அமைச்சர். மீனாட்சி கோயிலுக்குள் கால் வைத்து 18 வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. இதை வெறும் பதவி உயர்வு என்று நான் நினைக்கவில்லை. நீர்ப்பாசனச் சமூகத்தில் தண்ணீர்தான் அதிகாரம்.

நம் வட்டாரத்தின் தண்ணீர்க் கதையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிய பெரியாற்றை மலையிலேயே மறித்து, சுரங்கம் வெட்டிக் கிழக்கே திருப்பியவர் பென்னி குயிக். அது 1895. அந்தத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வைகையில் கலந்து, பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாய்க்குத் திரும்பி, மதுரைக்கு வடக்காக மேலூர் வரை வருகிறது. வானம் பார்த்த பூமியாகக் கிடந்த மேலூர்ப் பகுதி நெல் விளைகிற பூமியானது இப்படித்தான்.

ஆனால் ஒரு குறை இருந்தது. மலைக்கும் பேரணைக்கும் நடுவே தண்ணீரைத் தேக்கி வைக்க இடம் கிடையாது. வருசநாட்டு மலையில் பெருமழை பெய்தால் வைகையில் வெள்ளம் புரண்டு ராமநாதபுரம் பக்கம் போய்விடும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஆறு மணலாகக் கிடக்கும். வருகிறபோது மிதமிஞ்சி வரும், வேண்டியபோது இருக்காது. இதற்கு மருந்துதான் ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை. நீர்மட்டம் 71 அடி. 1959 ஜனவரி 21இல் காமராஜர் திறந்துவைத்தார். பொதுப்பணித்துறை அமைச்சர் கக்கன்.

இங்கே மிகைப்படுத்தக் கூடாது. வைகை அணையைக் கக்கன் கட்டினார் என்று மேடையில் பேசுவது எளிது. திட்டம் அவர் அமைச்சராவதற்கு முன்பே தொடங்கியது. கட்டியவர்கள் எஞ்சினியர்களும், வெயிலில் கல்லும் மண்ணும் சுமந்த ஆயிரக்கணக்கான ஆண் பெண் தொழிலாளர்களும். சாத்தனூர், கிருஷ்ணகிரி, மணிமுத்தாறு என்று அந்த ஐம்பதுகளின் கடைசியில் வரிசையாக முடிந்த அணைகளுக்கும் இது பொருந்தும். அமைச்சரின் வேலை வேறு: பணம் நிற்காமல் வரச் செய்வது, நிலம் எடுப்பதில் வரும் வம்பைத் தீர்ப்பது, சட்டமன்றத்தில் பதில் சொல்வது, அதிகாரிக்கும் காண்டிராக்டருக்கும் நடுவே கை நீட்டாமல் இருப்பது. கடைசியில் சொன்னது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். சைட்டில் வேலை பார்த்த நண்பர்களைக் கேளுங்கள், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வார்கள். அணை கட்டுகிற காலத்தில் அந்தத் துறையை ஐந்து வருஷம் வைத்திருந்தவர் வாடகை வீட்டில் முடிந்தார் என்பதை எளிமை என்று மட்டும் சொன்னால் போதாது. அது கான்கிரீட்டின் தரம் சம்பந்தப்பட்ட சமாசாரம்.

இன்றைக்கும் பெரியாறு பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். அதற்கு அப்பால் மேலூர்ப் பகுதி உட்பட 85,563 ஏக்கரும், திருமங்கலம் கால்வாயில் 19,439 ஏக்கரும் ஒருபோகம். அணையில் இருப்பு போதுமான அளவு இருந்தால்தான் ஒருபோகக்காரனுக்குத் தண்ணீர். அப்படித் திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் பாதி வழியில் எத்தனை இடத்தில் ஷட்டரைத் தூக்கிவிடுகிறார்கள் என்பது மேலூர்க்காரர்களுக்குத் தெரியும். அணையில் 66 அடி தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று பேப்பரில் படிக்கிறோம். கடைமடைக்காரனுக்கு அது எச்சரிக்கையே அல்ல, கல்யாண அழைப்பிதழ் மாதிரி!

கக்கன் கடைமடைத் தாலுகாவிலிருந்து வந்த மந்திரி. தண்ணீர்ப் பங்கீட்டில் கடைசியில் நிற்கிறவன் யார் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1962இல் சமயநல்லூர் தொகுதியில் வென்ற பிறகு அவரிடம் வந்த துறை விவசாயம்.

1965: மாணவர்கள் ஒரு பக்கம், கக்கன் ஒரு பக்கம்

இதுவரை எழுதியது எளிதாக வந்தது. இனி வருவது அப்படியல்ல.

1963 அக்டோபரில் காமராஜர் பதவி விலகி, பக்தவத்சலம் முதலமைச்சரானார். கக்கனுக்கு உள்துறை கிடைத்தது, அதாவது போலீஸ். லஞ்ச ஒழிப்புத் துறை 1964இல் அமைந்தது அவர் காலத்தில்தான். அது அவர் கணக்கில் வரவு. ஆனால் அடுத்த வருஷம் பெரிய செலவு காத்திருந்தது.

1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழியாகும் என்றிருந்தது. நம் மாநிலத்து மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஜனவரி 25ஆம் தேதி மதுரையில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். வடக்குமாசி வீதிப் பக்கம் காங்கிரஸ் அலுவலகம் அருகே மோதல் வெடித்தது, கத்திக்குத்து நடந்தது. தியாகராசர் கல்லூரி மாணவர்களாக இருந்த கா. காளிமுத்துவும் நா. காமராசனும் அரசியல் சட்டத்தின் ஆட்சிமொழிப் பகுதியைக் கொளுத்திக் கைதானார்கள். மதுரையில் பற்றிய தீ மாநிலம் முழுவதும் பரவியது. 27ஆம் தேதி சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் போலீஸ் குண்டுக்குப் பலியானார். பிப்ரவரி நடுப்பகுதி வரை நீடித்த கலவரத்தில் ஏறக்குறைய 70 பேர் இறந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. அதைவிடப் பல மடங்கு என்று சொல்வோரும் உண்டு. மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். மாநிலத்தின் போலீஸ் மந்திரி பதவியில் தொடர்ந்தார்.

நம் கல்லூரியின் மூத்த அண்ணன்மார்களில் அன்று வீதியில் இறங்கியவர்கள் இந்த மலரையும் படிப்பார்கள். அவர்களுக்குக் கக்கன் என்றால் பஸ்ஸில் போன எளிய மனிதர் அல்ல, தங்கள் மீது லத்தியையும் துப்பாக்கியையும் ஏவிய அரசின் உள்துறை அமைச்சர். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தாய்மொழிக்காகவும் வேலைவாய்ப்புக்காகவும் கேள்வி கேட்ட பிள்ளைகளுக்குப் பதில் துப்பாக்கி அல்ல. உத்தரவு முதலமைச்சருடையது, முடிவு டெல்லியுடையது என்று ஆயிரம் சமாதானம் சொல்லலாம். துறை யாரிடம் இருக்கிறதோ அவர் பொறுப்பு. நல்ல மனிதர் என்பதற்காக இந்தக் கணக்கைத் தள்ளுபடி செய்ய முடியாது.

இருந்தாலும் இன்னொரு பக்கத்தையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மாணவர்கள் கொளுத்திய அரசியல் சட்டம், கக்கன் உறுப்பினராக இருந்த சபையில் உருவானது. ஆட்சிமொழி பற்றிய 17ஆம் பகுதி அதில்தான் இருக்கிறது. தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவும் அதில்தான் இருக்கிறது. ஒரே புத்தகம், ஒரே எண். ஒன்று மாணவனுக்கு விலங்காகத் தெரிந்தது. இன்னொன்று தும்பைப்பட்டிச் சேரிக்கு விடுதலைப் பத்திரம். அந்தப் புத்தகம் எரிவதைக் கேள்விப்பட்டபோது அவர் மனசில் என்ன ஓடியிருக்கும்?

மேலே ஓர் அடியை நினைவில் வைக்கச் சொன்னேன். 34 வயதில் போராட்டக்காரராக மேலூர் ஸ்டேஷனில் அடிபட்டவர், 56 வயதில் அதே போலீசுக்கு அமைச்சர். அடி வாங்கினவன் அடிக்க மாட்டான் என்றுதான் நாம் நம்ப ஆசைப்படுகிறோம். அரசாங்கம் என்ற யந்திரம் அதில் ஏறி உட்காருகிறவனின் ஞாபகங்களைக் கேட்டு ஓடுவதில்லை. வரலாற்றில் இதற்கு நம்மூர் மட்டும் உதாரணம் அல்ல. விடுதலைக்குப் போராடிச் சிறை சென்றவர்கள் ஆட்சிக்கு வந்தபின் துப்பாக்கிச் சூட்டுக்கு விளக்கம் சொன்னது ஆசியா, ஆப்பிரிக்கா முழுவதும் நடந்திருக்கிறது. கக்கன் போன்ற நேர்மையானவருக்கும் அதிலிருந்து தப்பிக்க முடியவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி. கை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது.

தோல்விக்குப் பிறகு

1967 தேர்தலில் மக்கள் கணக்கைத் தீர்த்துவிட்டார்கள். தி.மு.க. 137 இடங்களில் வென்றது. விருதுநகரில் காமராஜரே மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் தோற்றார். ஸ்ரீபெரும்புதூரில் பக்தவத்சலம் தோற்றார். மேலூரில், சொந்த மண்ணில், கக்கன் தி.மு.க.வின் ஓ.பி. ராமனிடம் தோற்றார்.

பதவி போனதும் கார் போயிற்று, பங்களா போயிற்று. வாடகை வீடு, டவுன் பஸ். 1970களின் கடைசியில் உடம்பு முடியாமல் மதுரை அரசு மருத்துவமனையில் பொது வார்டில் சேர்ந்தார். மதுரை முத்துவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர்., கக்கனும் அங்கேதான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு நேரே அவர் படுக்கைக்குப் போனார். பார்த்துப் பதறிப்போய்ச் சிறப்பு வார்டுக்கு மாற்றச் சொன்னார். பிறகு மாதம் 500 ரூபாய் உதவித்தொகைக்கும், வாடகையில்லா வீட்டுக்கும், இலவச மருத்துவத்துக்கும் அரசு ஏற்பாடு செய்தது. எதிர்க்கட்சிக்காரர் என்று எம்.ஜி.ஆர். பார்க்கவில்லை, அதை மறக்கக் கூடாது. 1981 டிசம்பர் 23இல் கக்கன் காலமானார். 1999இல் இந்தியத் தபால்துறை அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. தும்பைப்பட்டியில் மணிமண்டபம் இருக்கிறது.

இந்தப் பொது வார்டு கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருடல் உண்டு. கக்கன் பொது வார்டில் படுத்திருந்தார் என்று ஏன் இவ்வளவு பதறுகிறோம்? பொது வார்டு என்பது ஒரு மந்திரி படுக்கத் தகாத இடம் என்று நமக்குள் முடிவு கட்டி வைத்திருப்பதால்தானே? மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வருகிற ஜனங்கள் தினமும் அங்கேதான் படுக்கிறார்கள். அதற்கு நாம் பதறுவதில்லை. கக்கன் தன் ஜனங்கள் படுக்கிற இடத்தில் படுத்தார். அந்த இடம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று கேட்பதற்குப் பதிலாக, அவரை மட்டும் எழுப்பிக் கொண்டுபோய் ஒரு பீடத்தில் உட்கார வைத்துவிட்டோம். பீடத்தில் இருக்கிறவரைக் கும்பிடலாம். அவர் செய்த வேலையைத் தொடர வேண்டிய அவசியம் இல்லை. நமக்கும் வசதி.

கணக்கைத் தொகுத்துப் பார்த்தால்: கோயில் கதவு திறந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. சேரிப் பிள்ளைகளின் எழுத்தறிவில் பங்கு உண்டு. நாட்டின் சட்டத்தில் பங்கு உண்டு. நம் சமவெளி குடிக்கிற, பயிருக்குப் பாய்ச்சுகிற வைகைத் தண்ணீரில் பங்கு உண்டு. 1965இன் ரத்தத்திலும் பங்கு உண்டு. இத்தனையும் சேர்ந்தவர்தான் கக்கன். இதில் முதல் நான்கையும் கடைசியையும் விட்டுவிட்டு, வாடகை வீட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த மனிதருக்கு நாம் செய்கிற மரியாதை அது அல்ல.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களில் சிலர் அரசு வேலைக்கு வருவீர்கள், சிலர் கம்பெனி வேலைக்கு, சிலர் வெளிநாட்டுக்கு. ஒரு சிலராவது அரசியலுக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை. எங்கே போனாலும் ஏதோ ஒரு மடையின் திறவுகோல் உங்கள் கைக்கு வரும். அது தண்ணீராக இருக்கலாம், கரண்டாக இருக்கலாம், ஒரு டெண்டர் ஃபைலாக இருக்கலாம். தலைமடையில் நிற்கிறவர்கள் உங்கள் ஆபீஸுக்கே வந்து காப்பி சாப்பிட்டுப் பேசிவிட்டுப் போவார்கள். கடைமடையில் நிற்கிறவன் வரமாட்டான், அவனுக்கு உங்கள் ஆபீஸ் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. நீங்கள்தான் கால்வாய்க் கரையோடு நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.

கடைசியாக விழாக் குழுவுக்கு ஒரு யோசனை. சந்திப்பின் இரண்டாம் நாள் காலையில் வழக்கமாக அழகர்கோயில் போகிறோம். இந்தத் தடவை அங்கிருந்து ஒரு பஸ் பிடித்துக் கள்ளந்திரியில் இறங்கிக் கால்வாயைப் பார்த்துவிட்டு, மேலூர் வழியாகத் தும்பைப்பட்டி மணிமண்டபம் வரை போய் வரலாம். மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடலாம். வருகிறவர்கள் பதிவு மேஜையில் பெயர் கொடுங்கள். 1965இல் ஊர்வலம் போன அண்ணன்மார்கள் அவசியம் வரவேண்டும். வழியில் அவர்கள் சொல்வதைக் கேட்க நாங்கள் எல்லோரும் காத்திருக்கிறோம்.